பேறுகால வலியும் நமது அரசியலும்

(மும்பை தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளின் தமிழ்க் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் மாதர் அரங்கத் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

இன்றைய வகுப்பின் தலைப்பை அறிவித்தவுடன் சில தோழர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "தாராவி நிலம் அதானி குழுமத்தின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்று கணக்கெடுக்கிறார்கள். இந்த நேரத்தில் பிரசவ வலியைப் பற்றி ஒரு வகுப்பா?" என்பது அந்தக் கேள்வி. கேலியாகக் கேட்கவில்லை, அக்கறையோடுதான் கேட்டார்கள். ஆகவே அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

உழைக்கும் பெண் தன் வாழ்நாளில் அரசு எந்திரத்தின் முன் மிகவும் தனியாகவும், பேச வழியின்றியும், உடலால் எதிர்க்க முடியாமலும் படுத்திருக்கும் நேரம் எது? பிரசவ அறையில் இருக்கும் நேரம். அந்தச் சில மணி நேரத்தில் இந்தச் சமூகம் அவளை எப்படி நடத்துகிறதோ, அதுதான் அவளுடைய வர்க்கத்துக்கும் சாதிக்கும் பாலினத்துக்கும் சமூகம் போட்டிருக்கும் விலை. அந்த விலையை யார் நிர்ணயித்தார்கள் என்று கேட்பது அரசியல் கேள்வி.

வலி என்பது என்ன?

முதலில் உடலின் கணக்கைப் பார்ப்போம். கருப்பை சுருங்கிச் சுருங்கி, அதன் வாய் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் விரிய வேண்டும். விட்டுவிட்டு வரும் அந்த வலி முதலில் அடிவயிற்றிலும் இடுப்பிலும் தெரியும். குழந்தையின் தலை இறங்கும்போது வலியின் தன்மையே மாறிவிடும். இவை நரம்புகள் வழியே தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்து மூளைக்குச் செல்கின்றன. ஆனால் காயத்தின் அளவுக்கு நேர் விகிதத்தில் வலி உணரப்படுவதில்லை. 1965இல் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தண்டுவடத்தில் ஒரு வாயில் இருப்பதுபோல் வலிச் செய்தி கூட்டவும் குறைக்கவும் படுகிறது, மூளையிலிருந்து இறங்கி வரும் செய்திகளும் அந்த வாயிலைத் திறக்கின்றன அல்லது மூடுகின்றன என்றார்கள். அச்சம், தனிமை, நம்பிக்கை, முன் அனுபவம் ஆகிய யாவும் வலியின் அளவில் பங்கு வகிக்கின்றன.

அதே மெல்சாக் 1980களில் கனடாவில் பிரசவித்த பெண்களிடம் அவர்களது வலியைக் கேட்டு அளந்தார். மனிதர் அனுபவிக்கும் மிகக் கடுமையான வலிகளின் வரிசையில் பிரசவ வலியும் இடம்பெற்றது. தலைப்பிரசவத்தில் வலி சராசரியாக அதிகம், அடுத்த பிரசவங்களில் சற்றுக் குறைவு. முன்கூட்டிப் பயிற்சி பெற்ற பெண்களுக்கு வலி குறைந்தது. ஆனாலும் அவர்களிலும் பலர் மருந்தைக் கேட்டார்கள். பெண்ணுக்குப் பெண் வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது. ஆகவே "எல்லோரும்தான் பெற்றார்கள், உனக்கு மட்டும் என்ன?" என்ற கேள்விக்கு அறிவியலில் இடமே இல்லை.

இன்னொரு ஆய்வும் நமக்கு முக்கியம். 2002இல் எலன் ஹாட்நெட் என்ற செவிலிய ஆய்வாளர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தார். பிரசவத்தைப் பிற்காலத்தில் ஒரு பெண் நிறைவோடு நினைப்பதையோ கசப்போடு நினைப்பதையோ பெரிதும் தீர்மானிப்பவை நான்கு என்று அவர் கண்டார். அவளுடைய எதிர்பார்ப்பு, கிடைத்த ஆதரவு, கவனித்தவர்களோடு இருந்த உறவு, முடிவுகளில் அவளுக்கு இருந்த பங்கு. வலியின் அளவு இந்த நான்குக்கும் பின்னால்தான் வந்தது. வலி மறந்துபோகலாம், அந்த நேரத்தில் கேட்ட வசை மறப்பதில்லை என்று நம் பெண்கள் சொல்வதைத்தான் இந்த ஆய்வும் சொல்கிறது.

நம் பெண்கள் சொல்வது

நம் மக்களின் மொழியில் இதற்கான சொற்களுக்குப் பஞ்சமில்லை. பொய்யாக வந்து போவது சூட்டு வலி. சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்த்து, அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் பிள்ளை வலி என்று பாட்டிமார் முடிவு செய்தார்கள். பிள்ளை பெறுவதை மறுபிறப்பு என்றார்கள். சாவின் வாசல்வரை சென்று திரும்புவது என்ற உண்மையான அச்சம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். நம் பகுதிகளில் "வலி ஊசி" என்றால் என்ன பொருள்? வலியைக் குறைக்கும் ஊசி என்று யாரும் புரிந்துகொள்வதில்லை, வலியை வரவழைக்கும் ஊசி என்றே பொருள். பிரசவத்தை விரைவுபடுத்த ஆக்சிடோசின் ஏற்றுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்த மருந்து தேவைப்படும் இடத்தில் உயிர் காக்கும். ஆனால் வலியைக் கூட்டும் ஊசிக்குப் பெயர் இருக்கிறது, வலியைத் தணிக்கும் ஊசிக்கு நம் வழக்கில் பெயரே இல்லை. கிடைக்காத பொருளுக்கு மக்கள் பெயர் வைப்பதில்லை, தோழர்களே.

மாதர் கூட்டங்களில் பெண்கள் பேசத் தொடங்கினால் சில செய்திகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமல்ல. இந்தியாவின் பல நகரங்களில் இதே செய்திகள் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. கத்தினால் அறை விழும். "புருஷனோடு படுத்தபோது வலிக்கவில்லையா?" என்ற கேள்வி வரும். ஒரே கட்டிலில் இருவர் படுக்க நேரும். கேட்காமலே கத்தி வைப்பார்கள். மரத்துப்போகும் ஊசி போடாமல், அல்லது அது வேலை செய்யும்வரை காத்திராமல், தையல் போடுவார்கள். "பிள்ளை வந்த வலியைத் தாங்கிவிட்டேன், தையல் வலியைத்தான் தாங்க முடியவில்லை" என்று பெண்கள் சொல்கிறார்கள். பிள்ளை வரும் வலி இயற்கை தந்தது. தையல் வலியோ சில ரூபாய் மருந்தையும் சில நிமிடப் பொறுமையையும் மிச்சப்படுத்துவதற்காக மனிதர் தருவது.

மும்பையில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. தாராவியில் பிறந்து வளர்ந்த பெண் இந்தியிலும் மராத்தியிலும் பதில் சொல்லிவிடுவாள். தென்காசியிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ மருமகளாக வந்து ஓராண்டுகூட ஆகாத பெண் என்ன செய்வாள்? "களா" வருகிறதா என்று மராத்தியில் கேட்டால், வலியைத்தான் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. "ஜோர் லகாவ்" என்றால் முக்கச் சொல்கிறார்கள் என்று புரிவதற்குள் வலி வந்து போய்விடும். புரியாதவளுக்கு அடங்காதவள் என்ற பெயர் கிடைக்கும்.

குடிசைக்குள் மருத்துவச்சி பிரசவம் பார்த்த காலத்தைப் பெருமையாகப் பேசும் முதியவர்களும் நம்மிடையே உண்டு. அந்தக் காலத்தில் எத்தனை தாய்மார் இறந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி மகாராஷ்டிரத்தில் 94.7 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018-20இல் இம்மாநிலத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 33. அகில இந்திய அளவில் அது 97. இது மக்கள் பணத்தில் கட்டப்பட்ட பொது மருத்துவத்தின் சாதனை. தாராவிக்குப் பக்கத்தில் இருக்கும் சயான் மருத்துவமனையில்தான் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. நாம் காக்க வேண்டிய சொத்து அது. ஆனால் குடிசையில் இருந்த ஒன்று மருத்துவமனையில் இல்லாமல் போனது: இடுப்பைப் பிடித்துவிடும் அம்மா, கையைப் பற்றிக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா. உயிருக்கு உத்தரவாதம் கிடைத்தது, துணை போய்விட்டது. பழைய குடிசைக்குத் திரும்புவது தீர்வாகாது. அந்த அக்காவை மருத்துவமனைக்குள் கொண்டுவருவதே தீர்வு.

யாருக்கு வலிக்காது என்று சொன்னார்கள்?

1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்தில் ஈதரையும் பின்னர் குளோரோஃபார்மையும் பயன்படுத்தினார். ஏவாளுக்கு இறைவன் இட்ட தண்டனையை மனிதன் நீக்கலாமா என்று எதிர்ப்பு எழுந்தது. 1853இல் விக்டோரியா அரசி தன் எட்டாவது குழந்தையைக் குளோரோஃபார்மின் துணையோடு பெற்றபின் அந்த எதிர்ப்பு வலுவிழந்தது. ஆண்டவன் தண்டனையும் அரண்மனைக்குள் நுழையும்போது தளர்ந்துவிடுகிறது!

அதே 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், பிரசவக் காயத்தால் சிறுநீர் ஒழுகும் நோயுற்ற அடிமைப் பெண்களின் உடலில் மயக்க மருந்தின்றி மீண்டும் மீண்டும் அறுவை செய்து பார்த்தார். அனார்க்கா, லூசி, பெட்சி என்ற மூன்று பெயர்கள் பதிவாகியுள்ளன. கறுப்பினப் பெண்களுக்கும் உழைக்கும் பெண்களுக்கும் காலனி நாட்டுப் பெண்களுக்கும் வலி குறைவாகவே தெரியும் என்பது அன்றைய மேல்தட்டு மருத்துவத்தின் நம்பிக்கை.

இந்த நம்பிக்கை நம்மிடம் இல்லையா? "அந்தக் காலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருக்கும்போதே வரப்பில் பெற்றுவிட்டு வேலைக்குத் திரும்பினாள்" என்று பெருமையாகச் சொல்கிறோம். வரப்பில் பெற்றவளுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்டோமா? கூலி போய்விடும் என்பதால் வயலுக்கு வந்தாள். நிலவுடைமையாளரின் வீட்டுப் பெண் ஒருபோதும் வரப்பில் பெறவில்லை. உழைக்கும் பெண்ணின் உறுதியைப் புகழ்வது வேறு, அந்தப் புகழைக் காட்டி அவளுக்குரிய மருந்தை மறுப்பது வேறு. திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. அங்கே வலி என்றால் வலிமை. ஒரே சொல் வலிமையையும் நோவையும் குறிப்பது தமிழின் வழக்கம். அதை உழைக்கும் பெண்ணுக்கு எதிரான வாதமாக்க யாருக்கும் உரிமை இல்லை.

நமது இயக்கத்தின் மரபு

பிரசவத்தை அரசியல் கேள்வியாக்கியது நாம் புதிதாகச் செய்யும் வேலை அல்ல. 1928இல் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்தில்தான் செங்கொடியின் கிர்னி காம்கார் சங்கம் பிறந்தது. அந்த வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த ஜூலை 28ஆம் நாள் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து டாக்டர் அம்பேத்கர் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், அதன் சுமையை அரசும் ஏற்க வேண்டும், அவளது உழைப்பால் இலாபம் பெறும் முதலாளியும் ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். 1929இல் சட்டம் வந்தது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதல் சட்டம்.

வலியைப் பற்றியும் உலகத் தொழிலாளர் இயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சோவியத் ஒன்றியத்தில் வெல்வோவ்ஸ்கியும் அவருடைய தோழர்களும் பாவ்லோவின் கோட்பாட்டை அடிப்படையாக வைத்து ஒரு முறையை உருவாக்கினார்கள். உடலில் என்ன நடக்கிறது என்று கர்ப்பிணிக்கு முன்பே கற்பிப்பது, மூச்சுப் பயிற்சி தருவது, அச்சத்தை அகற்றுவது என்பதே அந்த முறை. 1951இல் சோவியத் அரசு அதை நாடு முழுவதற்கும் ஏற்றது. அதே ஆண்டு அங்கே சென்ற பிரெஞ்சு மருத்துவர் லமாஸ் திரும்பி வந்து, பாரிசில் உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்திய மருத்துவமனையில் அதைத் தொடங்கினார். தொழிலாளர்களின் மனைவியரும் பெண் தொழிலாளர்களும் அங்கே வகுப்புகளில் அமர்ந்து தங்கள் உடலைப் பற்றிக் கற்றார்கள். இன்று செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் கட்டணம் செலுத்திச் செல்லும் "லமாஸ் வகுப்பு" ஒரு தொழிற்சங்க மருத்துவமனையின் வழியாக உலகுக்கு வந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. அம்முறைக்கு "வலியற்ற பிரசவம்" என்று பெயர் சூட்டினார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று மதிப்பெண் போட்டார்கள். வலியில் அலறியவள் தோற்றவள் ஆனாள். மருந்து பற்றாக்குறையாக இருந்த நாட்டில், பயிற்சி மருந்துக்கு மாற்றாகவும் ஆக்கப்பட்டது. கல்வியும் துணையும் அச்சத்தைக் குறைக்கும், வலியையும் ஓரளவு குறைக்கும். ஆனால் வலியே இல்லை என்று அறிவிக்க எந்த அரசுக்கும் எந்தக் கட்சிக்கும் அதிகாரம் இல்லை. வலிக்கிறது என்று சொல்பவளை நம்புவதே முதல் கடமை. பிரசவம் பெண்ணுக்கு வைக்கும் தேர்வு அல்ல.

அச்சத்தை விற்கும் சந்தை

பொது மருத்துவமனையில் மறுக்கப்படும் ஆறுதலைத் தனியார் மருத்துவமனை விலைக்கு விற்கிறது. முதுகுத் தண்டில் ஊசி போட்டு வலியைத் தணிக்கும் எபிடியூரல் அங்கே தனிக் கட்டணத்துக்குக் கிடைக்கும். இன்னொரு பக்கம், "உன்னால் வலி தாங்க முடியாது" என்ற அச்சமே சிசேரியனுக்கு வழி திறக்கிறது. அதே குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் பொது மருத்துவமனைகளில் நூற்றுக்கு 14.3 பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் 47.4. சிசேரியன் பல உயிர்களைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சை. ஆனால் இத்தனை பெரிய இடைவெளியை மருத்துவக் காரணங்களால் மட்டும் விளக்க முடியாது. அறுவைக்குப் பிந்தைய வலியோடு, கடன் சுமையோடு, குழாயடியில் குடம் தூக்க வேண்டிய பெண்ணுக்கு அது பின்னர்தான் தெரிகிறது.

ஓய்வுக்கும் இதே கதிதான். 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பைத் தந்தது. தாராவியில் வீட்டிலிருந்து தோல் பைக்கு நூல் கோப்பவளுக்கும், முறுக்குச் சுற்றுபவளுக்கும், மாட்டுங்காவில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குபவளுக்கும் அது பொருந்தாது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்குக் குறைந்தது 6,000 ரூபாய் என்று வாக்களித்தது. 2017இல் வந்த மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் என்று அதைச் சுருக்கியது. பின்னர் இரண்டாவது குழந்தை பெண்ணானால் மட்டும் உதவி என்று நீட்டினார்கள்.

குற்றவாளி செவிலியரா?

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. திட்டியவர் யார்? பெரும்பாலும் ஒரு செவிலியர் அல்லது ஆயா. அவரும் உழைக்கும் பெண். ஒப்பந்த ஊழியர். நமது சங்கத்தின் உறுப்பினராகவும் இருக்கலாம். அவருக்கு எதிராக நாம் கொடி பிடிப்பதா?

ஒரு செவிலியரைப் பல கட்டில்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு ஒவ்வொரு பெண்ணிடமும் கனிவோடு இரு என்று கட்டளையிடுவது நிர்வாகத்தின் தந்திரம். காலிப் பணியிடங்களை நிரப்பாத அரசு, பொறுமையிழந்த ஊழியரை முன்னால் தள்ளிவிட்டுத் தான் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இது உண்மை. ஆனால் இதுவே முழு உண்மையல்ல. வேலைப்பளு கையை ஓங்கச் செய்யலாம். யார்மீது ஓங்குவது என்பதைச் சாதியும் வர்க்கமும் தீர்மானிக்கின்றன. அதே களைத்த கை தனக்கு மேலே உள்ளவரின் மகளிடம் ஓங்குவதில்லை. ஆகவே கூடுதல் பணியிடம் கோரும் செவிலியர் போராட்டத்தில் நாம் அவர்களோடு நிற்க வேண்டும். அதே சங்கக் கூட்டத்தில், பிரசவிக்கும் பெண்ணின் மீது கை ஓங்கக் கூடாது என்ற தீர்மானத்தையும் நாமே கொண்டுவர வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட்டால் இரண்டிலும் தோற்போம்.

நம் கோரிக்கைகள், நம் கடமைகள்

நாம் கேட்பது ஆகாயத்துக் கனி அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளில் பிரசவிக்கும் பெண் விரும்பும் துணை, நடக்கவும் உட்காரவும் உரிமை, கேட்டால் வலி நிவாரணம், வழக்கமாகக் கத்தி வைப்பதைக் கைவிடல் ஆகிய அனைத்தும் உள்ளன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதலே பிரசவத் துணைத் திட்டம் இருக்கிறது. ஒன்றிய அரசு 2017இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் மரியாதையான பேறுகாலக் கவனிப்பைப் பேசுகிறது. காகிதத்தில் இருப்பதைக் கட்டிலருகே கொண்டுவருவதே போராட்டம்.

மாநகராட்சியிடம் ஐந்து கோரிக்கைகளை வைப்போம். ஒன்று, பிரசவ அறையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் தேர்ந்த பெண் துணை. திரைச்சீலை இல்லாத இடத்தில் திரைச்சீலை. இரண்டு, மரத்துப்போகும் ஊசியின்றித் தையல் இல்லை. மூன்று, கேட்கும் பெண்ணுக்கு வலி நிவாரணம் இலவசமாகக் கிடைக்கும் அளவுக்கு மயக்க மருத்துவர்களும் செவிலியரும் நிரந்தரப் பணியில் நியமனம். நான்கு, தமிழ் உள்ளிட்ட மக்கள் மொழிகளில் பேறுகால வகுப்பும் மொழியுதவியும். ஐந்து, அமைப்புசாராப் பெண்களுக்கும் பேறுகால ஊதியம்.

தாராவி நிலப் போராட்டத்தோடு இதற்கு உறவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. 1976 மே மாதம், நெருக்கடி நிலையின்போது, அணு ஆராய்ச்சி மையத்தின் அருகே இருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டு, மக்கள் டிராம்பேயின் சதுப்பு நிலமான சீத்தா கேம்புக்குத் துரத்தப்பட்டார்கள். செம்பூர்ப் பகுதித் தோழர்களின் குடும்பங்களுக்கு அந்த வரலாறு தெரியும். இன்று "தகுதியற்றவர்" என்று முத்திரை குத்தித் தேவனாருக்கும் முலுண்டுக்கும் அனுப்பத் திட்டமிடுகிறார்கள். நள்ளிரவில் பனிக்குடம் உடைந்தால் நடந்தே போய்ச் சேரக்கூடிய மருத்துவமனையையும், உடன் வரக்கூடிய பக்கத்து வீட்டு அக்காவையும் ஒருசேர இழப்பதுதான் இடப்பெயர்ச்சி. மறுவாழ்வுக்கான நம் கோரிக்கைப் பட்டியலில் பிரசவ வசதியுள்ள பொது மருத்துவமனை இடம்பெற வேண்டும்.

கடைசியாக ஆண் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் வீட்டில் பிள்ளை பெற்ற பெண்ணிடம், "அன்று என்ன நடந்தது?" என்று ஒருமுறை கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். கிளைக் கூட்டத்தில் அதைப் பேச அவள் விரும்பினால் நேரம் ஒதுக்குங்கள். அண்ணா பாவ் சாத்தே வாழ்ந்த மாட்டுங்கா லேபர் கேம்ப் நம் கிளைகளுக்கு அருகில்தான் இருக்கிறது. மக்களின் துயரை மக்கள் மொழியில் பேசியவர் அவர். ஒவ்வொரு கிளையும் அடுத்த மூன்று மாதங்களில் தன் பகுதியில் பிரசவித்த பெண்களின் அனுபவங்களை, அவர்கள் சம்மதத்தோடு, பெயரின்றி எழுதி மாதர் அரங்கத்திடம் தர வேண்டும். அந்தக் கட்டோடுதான் நாம் மாநகராட்சி ஆணையரைச் சந்திக்கப் போகிறோம்.